ஜிங்கோயிசம்: ‘சண்டை வேண்டாம், ஆனால்…’ என்று தொடங்கும் ஒரு சொல்

எல்லையில் பதற்றம் எழும்போதெல்லாம் தொலைக்காட்சி விவாதங்களிலும் நாளிதழ்களின் நடுப்பக்கங்களிலும் ‘ஜிங்கோயிசம்’ என்ற சொல் தலைகாட்டுகிறது. ஒரு தரப்பு அதை மற்றத் தரப்பின் மீது வீசுகிறது. அந்தத் தரப்போ தங்கள் நாட்டுப்பற்றையே பழிக்கிறார்கள் என்று கொதிக்கிறது. இரு தரப்பும் ஒரே பொருளைத்தான் மனத்தில் வைத்திருக்கின்றன: அளவு மீறிய தேசபக்தி. குழம்பில் உப்பு கூடிவிட்டதைப் போல, நாட்டுப்பற்று கொஞ்சம் கூடிப்போனால் அது ஜிங்கோயிசம் ஆகிவிடும் என்பதே பொதுவான புரிதல். இந்தப் புரிதல் தவறு. உப்புக் கணக்கே இதில் வராது, குழம்பே வேறு.

அந்தச் சொல் எப்படிப் பிறந்தது, அது சுட்டும் மனப்போக்கு எவ்வாறு இயங்குகிறது, அதன் அண்டைச் சொற்களிலிருந்து அது எங்கே பிரிகிறது என்பவற்றை இக்கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்குகிறது. பன்னாட்டு அரசியலில் முன்பயிற்சி எதுவும் தேவையில்லை. தெருச்சண்டை ஒன்றையாவது பார்த்திருந்தால் போதும்.

தெருமுனையில் ஒரு தகராறு

வண்டி நிறுத்துவது தொடர்பாக இருவருக்குள் வாய்த்தகராறு முற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவரை இரண்டு நண்பர்கள் தோளோடு பிடித்திருக்கிறார்கள். அவர் திமிறிக்கொண்டே, “நான் வம்பு தும்புக்குப் போறவன் இல்ல, ஆனா வந்தா விடமாட்டேன், விடுங்கடா என்னை!” என்று கத்துகிறார். தொடர்ந்து, தன் மச்சான் காவல்துறையில் இருப்பதையும், ஒரு போன் போட்டால் நாற்பது பேர் வந்து நிற்பார்கள் என்பதையும், வழக்கு நடத்தக் கையில் பணம் இருப்பதையும் வரிசையாகச் சொல்கிறார். எதிரில் ஒரு தேநீர்க்கடை. அங்கே பாதி குடித்த கிளாஸோடு நிற்கும் ஒருவர், “சும்மா விடாதண்ணே, ஒரு போடு போடு!” என்று குரல் கொடுக்கிறார். அவரைப் பார்த்து இன்னும் நால்வர் சேர்ந்துகொள்கிறார்கள்.

இந்தக் காட்சியில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. திமிறுகிறவருக்கு உண்மையில் அடிதடி தேவையில்லை. பிடித்திருக்கும் நண்பர்கள் திடீரென்று கையை எடுத்துவிட்டால் அவர்தான் முதலில் திகைப்பார். ஆனால் தேநீர்க்கடைக் குரல்கள் கூடக்கூட, பின்வாங்குவது அவருக்குக் கடினமாகிக்கொண்டே போகிறது. இத்தனைக்கும் அங்கிருந்து குரல் கொடுப்பவருக்கு மூக்கு உடையப்போவதில்லை. தேநீர் ஆறுவதற்கு முன் வேடிக்கை முடிந்துவிடுமோ என்பதே அவருடைய கவலை.

தெருவை உலக அரங்காகவும், திமிறுகிறவரை ஓர் அரசாங்கமாகவும், தேநீர்க்கடைக் கூட்டத்தை அந்நாட்டின் பொதுமக்களில் ஒரு பகுதியாகவும் பெரிதாக்கிப் பார்த்தால் கிடைப்பதே ஜிங்கோயிசம். அச்சொல் முதன்முதலில் சூட்டப்பட்டதும் அரசாங்கத்துக்கு அன்று, தேநீர்க்கடைக் கூட்டத்துக்கே. அந்தக் கூட்டம் நின்ற இடம் மட்டும் இலண்டன். கையில் இருந்ததும் தேநீர் அன்று, பீர்.

பாட்டு மண்டபத்தில் பிறந்தது

1877ஆம் ஆண்டு ஏப்ரலில் ரஷ்யா துருக்கிப் பேரரசின் மீது போர் தொடுத்தது. ஆண்டு முடிவதற்குள் பிளெவ்னா கோட்டை வீழ்ந்தது. 1878 தொடக்கத்தில் ரஷ்யப் படைகள், இன்று இஸ்தான்புல் என்று வழங்கும் கான்ஸ்டான்டினோபிளின் வாசல்வரை வந்துவிட்டன. இந்தப் போரில் பிரிட்டன் ஒரு தரப்பு அன்று. ஆயினும், ரஷ்யக் கடற்படை கருங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் தடையின்றி இறங்கிவிட்டால், சூயஸ் கால்வாய் வழியாக இந்தியாவுக்குச் செல்லும் தன் பாதைக்கு ஆபத்து என்று பிரிட்டன் அஞ்சியது. பிரதமர் டிஸ்ரேலி உறுதியைக் காட்ட வேண்டும் என்றார். எதிர்முகாமின் கிளாட்ஸ்டனோ, பல்கேரியர்களைக் கொன்று குவித்த துருக்கி ஆட்சிக்காகப் பிரிட்டன் வாளெடுக்கலாகாது என்று 1876 முதலே பேசியும் எழுதியும் வந்தார். நாடு இரண்டுபட்டு நின்றது.

அக்காலத்து இலண்டன் உழைப்பாளிகளுக்கும் எழுத்தர்களுக்கும் மாலைப் பொழுதுபோக்கு, மியூசிக் ஹால் எனப்படும் பாட்டு மண்டபங்கள். மேடையில் பாடகர் பாடுவார். கீழே மேசைகளைச் சுற்றி அமர்ந்து குடித்துக்கொண்டும் தின்றுகொண்டும் கேட்பார்கள். பல்லவி வரும்போது மண்டபமே சேர்ந்து பாடும். அப்படிப்பட்ட மேடைகளில் புகழ்பெற்றிருந்தவர், தம்மை ‘மாபெரும் மெக்டெர்மட்’ என்று விளம்பரப்படுத்திக்கொண்ட ஜி. எச். மெக்டெர்மட். அவருக்காக ஜி. டபிள்யூ. ஹண்ட் எழுதிக் கொடுத்த ஒரு போர்ப் பாட்டு, நகரெங்கும் பரவியது. அதன் பல்லவியின் கருத்து இதுதான்: நாங்கள் சண்டையை விரும்பவில்லை, ஆனால், ஜிங்கோ ஆணையாக, சண்டை என்று வந்துவிட்டால் எங்களிடம் கப்பல்கள் இருக்கின்றன, ஆட்கள் இருக்கிறார்கள், பணமும் இருக்கிறது, கரடியோடு முன்பே பொருதிவிட்டோம், கான்ஸ்டான்டினோபிள் ரஷ்யர்களுக்குக் கிடைக்காது. கரடி என்றது ரஷ்யாவை. முன்பே பொருதியது, 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில்.

மச்சான், நாற்பது பேர், பணம் என்ற நம் தெருமுனைப் பட்டியலை இந்தப் பல்லவியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு விளக்கமே வேண்டியிருக்காது.

‘ஜிங்கோ’ என்ற ஒலிக்குத் தனியாகப் பெரிய பொருள் இல்லை. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது செப்படி வித்தைக்காரர்களின் மந்திரச் சொல். ஏதாவது ஒரு பொருளை வரவழைத்துக் காட்டும்போது உச்சரிப்பார்கள். நம்மூர் ‘ஜீபூம்பா’வுக்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம். கடவுள் பெயரால் ஆணையிடுவது குற்றமாகக் கருதப்பட்ட சமூகத்தில், அப்பெயரைச் சொல்லாமல் சத்தியம் செய்ய உதவும் மாற்றுச் சொல்லாகவும் அது பயன்பட்டது. ஓர் அரசியல் கொள்கையின் பெயர் ஜீபூம்பாவிலிருந்து பிறந்திருப்பது எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது.

பாட்டு மண்டபத்தோடு நின்றிருந்தால் யாரும் அதை நினைவில் வைத்திருக்கப்போவதில்லை. அது தெருவுக்கு வந்தது. போர் வேண்டாம் என்று கூடிய கூட்டங்களில் புகுந்து, இந்தப் பாட்டைப் பாடிக் கலைத்தார்கள். 1878 பிப்ரவரியில் ஒரு கும்பல் இலண்டனில் கிளாட்ஸ்டனின் வீட்டு முன் கூடிச் சன்னல் கண்ணாடிகளை உடைத்தது. அதே ஆண்டு மார்ச் 13ஆம் தேதி ‘டெய்லி நியூஸ்’ நாளிதழில் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் எழுதிய கடிதம் ஒன்று வெளியாயிற்று. ‘மதச்சார்பின்மை’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை உருவாக்கியவரும் இதே ஹோலியோக்தான். பெயர் சூட்டுவதில் கைராசிக்காரர். பாட்டு மண்டபத்துத் தேசபக்தர்களாகிய இந்தப் புதிய கூட்டத்தாரை அவர் ‘ஜிங்கோக்கள்’ என்று குறிப்பிட்டார். அப்பெயரோடு கொள்கையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து ‘ஜிங்கோயிசம்’ உருவானது.

இதுவரை கண்டதைத் தொகுத்துக்கொள்வோம். இச்சொல் போரிட்டவர்களுக்குச் சூட்டிய பெயர் அன்று. போரைப் பற்றிப் பாடியவர்களுக்குச் சூட்டிய பெயர். அவர்களே வைத்துக்கொண்டதும் அன்று. எதிர்த்தரப்பில் இருந்த ஒருவர் ஏளனமாக வைத்தது.

நடக்காத போர்

அந்தப் பாட்டுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதே இக்கதையின் சுவையான பகுதி. டிஸ்ரேலி நாடாளுமன்றத்தில் 60 லட்சம் பவுண்டு போர்ச்செலவு ஒதுக்கீடு கேட்டுப் பெற்றார். பிப்ரவரியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் டார்டனெல்ஸ் நீரிணையைக் கடந்து மர்மாரா கடலில் நங்கூரமிட்டன. மார்ச் 3ஆம் தேதி ரஷ்யாவும் துருக்கியும் சான் ஸ்டெஃபானோவில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் விதிகள் ரஷ்யாவுக்கு மிகவும் சாதகம் என்று பிரிட்டன் எதிர்த்தது. அமைச்சரவைக்குள் போக்கு பிடிக்காமல் வெளியுறவு அமைச்சர் டெர்பி பதவி விலகினார். கடைசியில் ஜூன், ஜூலை மாதங்களில் பெர்லினில் வல்லரசுகளின் மாநாடு கூடியது. ரஷ்யா பெற்றதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. பிரிட்டன் சைப்ரஸைத் தன் நிர்வாகத்தின் கீழ் எடுத்துக்கொண்டது. பிரிட்டனும் ரஷ்யாவும் ஒரு குண்டுகூட மாற்றிச் சுட்டுக்கொள்ளவில்லை.

ஆக, ஜிங்கோயிசம் என்ற சொல்லைப் பெற்றெடுத்த போர் நடக்கவே இல்லை. ‘போர்வெறி’ என்று இச்சொல்லை மொழிபெயர்ப்போர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

இந்தக் கதையில் நமக்கும் ஓர் ஓரத்தில் இடம் உண்டு. ரஷ்யாவை அச்சுறுத்துவதற்காக, இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 7,000 படைவீரர்களைக் கப்பலேற்றி மால்டா தீவில் இறக்கியது டிஸ்ரேலியின் அரசு. ‘எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள்’ என்ற பாட்டின் பெருமிதம், செயல் என்று வந்தபோது, கான்ஸ்டான்டினோபிள் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்கப்படாத சிப்பாய்களின் தலையில் வந்து இறங்கியது. அக்காலத்து இங்கிலாந்திலேயே இதைக் குத்திக்காட்டி ஒரு நையாண்டிப் பல்லவி உலவியது: சண்டை என்று வந்தால் நாங்கள் வீட்டில் இருந்து பாட்டுப் பாடுவோம், சாதுவான இந்துவை அனுப்பிவைப்போம்.

கேலி இத்தோடு நிற்கவில்லை. ஹெர்பர்ட் கேம்ப்பெல் என்ற நகைச்சுவைக் கலைஞர் அதே மெட்டில், “எனக்குச் சண்டை வேண்டாம், போனால் வெட்டிப்போடுவார்கள், துப்பாக்கியை அடகு வைத்துவிடுவேன், கான்ஸ்டான்டினோபிளை ரஷ்யர்களே வைத்துக்கொள்ளட்டும்” என்ற கருத்தில் பாடிக் கைத்தட்டல் வாங்கினார். பாட்டு மண்டபத்துக் கூட்டம் இரண்டு பாட்டுக்கும் மேசையைத் தட்டியது. ஜிங்கோக் கூட்டம் ஏதோ அசைக்க முடியாத கொள்கைக் கோட்டை என்று எண்ணுவோருக்காக இதைச் சொல்கிறேன். இதே நாட்டு வாக்காளர்கள், ஆப்கானிஸ்தானிலும் ஜூலு நாட்டிலும் உண்மையான போர்கள் மூண்டு இழுத்துக்கொண்டு போன பின்னர், 1880 தேர்தலில் டிஸ்ரேலியைத் தோற்கடித்துக் கிளாட்ஸ்டனை ஆட்சியில் அமர்த்தினார்கள்.

உள்ளே இயங்கும் எந்திரம்

வரலாற்றை விட்டு இனி இயக்கத்துக்கு வருவோம். ஜிங்கோயிசத்தின் முதல் அடையாளம் அதன் வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது: ‘விரும்பவில்லை, ஆனால்’. அமைதி விரும்பி என்ற நற்பெயரையும் கைவிடாமல், அச்சுறுத்தும் இன்பத்தையும் விடாமல், பழியை முன்கூட்டியே எதிரியின் மேல் ஏற்றிவிடும் அமைப்பு அது. போர் வந்தால் அதை நாங்கள் தேடிப் போகவில்லை. வராவிட்டால் எங்களைக் கண்டு அஞ்சினார்கள். எப்படிப் பார்த்தாலும் சொல்பவருக்கு இழப்பில்லை.

அடுத்தது, கையிருப்புப் பட்டியல். கப்பல், ஆள், பணம். இன்றைய வடிவில் ஏவுகணைகளின் எண்ணிக்கை, போர்விமானங்களின் பெயர்கள், இரு நாட்டுப் படைபலத்தை அருகருகே வைத்த அட்டவணைகள். பட்டியலில் உள்ள எதையும் பட்டியலிடுபவர் இயக்கப்போவதில்லை. இந்தக் கூறினை மிகக் கூர்மையாகக் கண்டவர் ஜே. ஏ. ஹாப்சன் என்ற ஆங்கிலப் பொருளியலாளர். தென்னாப்பிரிக்காவில், டச்சு வழி வந்த குடியேறிகளான போயர்களோடு பிரிட்டன் நடத்திய போயர் போரையொட்டி 1899இல் செய்தியாளராகச் சென்று திரும்பியவர் அவர். 1900 மே மாதம், பிரிட்டிஷ் படை காத்து நின்ற மேஃபெகிங் நகரைப் போயர்கள் வளைத்திருந்த 217 நாள் முற்றுகை நீங்கிய செய்தி இலண்டனை எட்டியபோது, மக்கள் இரவெல்லாம் தெருவில் கூத்தாடினார்கள். அப்படிக் கூத்தாடுவதைக் குறிக்க அந்த ஊர்ப் பெயரிலிருந்தே ஒரு வினைச்சொல் ஆங்கிலத்தில் முளைத்தது. இந்தச் சூழலில்தான் ஹாப்சன் 1901இல் ஜிங்கோயிசத்தின் உளவியலைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். தன் நாட்டின் மீதுள்ள அன்பு, தலைகீழாகி, மற்றொரு நாட்டின் மீது வெறுப்பாக மாறுவதே இது என்பது அவருடைய வரையறை. அடுத்த ஆண்டு எழுதிய மற்றொரு நூலில் இன்னும் ஒரு படி சென்று, தனக்கென எந்த முயற்சியும் ஆபத்தும் தியாகமும் இல்லாத பார்வையாளரின் இச்சை என்று இதை வருணித்தார். தேநீர்க்கடைக் கிளாஸை இதைவிடத் துல்லியமாகக் காட்ட முடியாது.

மூன்றாவதுதான் உண்மையான பல்சக்கரம். பின்வாங்க முடியாத நிலையை அது உண்டாக்குகிறது. பன்னாட்டு உறவுத் துறையினர் இதற்கு ஒரு கலைச்சொல் வைத்திருக்கிறார்கள்: ‘பார்வையாளர் விலை’. ஒரு தலைவர் பலரறிய மிரட்டிவிட்டு, பிறகு அமைதியாகப் பின்வாங்கினால், சொந்த நாட்டு மக்களிடம் அதற்காகச் செலுத்த வேண்டியிருக்கும் அரசியல் விலை என்று அதற்குப் பொருள். 1994இல் ஜேம்ஸ் ஃபியரன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் இக்கருத்தை விரிவாக வகுத்துக் காட்டினார். இதில் ஒரு விந்தை உண்டு. இந்த விலை ஒரு நாட்டின் மிரட்டலுக்கு நம்பகத்தன்மையும் தருகிறது. பின்வாங்கினால் பதவி போகும் என்ற நிலையில் இருப்பவர் பின்வாங்கமாட்டார் என்று எதிரி கணக்குப் போடுவார். 1878இல் டிஸ்ரேலிக்குப் பாட்டு மண்டபத்து இரைச்சல் பேச்சுவார்த்தையில் ஒரு முதலாகவே பயன்பட்டிருக்கும். ஆனால் இரு நாடுகளிலும் ஒரே நேரத்தில் பாட்டு மண்டபங்கள் நிறைந்துவிட்டால், இரு தலைவர்களுமே தோளைப் பிடித்திருக்கும் நண்பர்களை இழந்துவிடுகிறார்கள்.

சுருங்கச் சொன்னால், ‘விரும்பவில்லை, ஆனால்’ என்ற தொடக்கம், கையிருப்புப் பெருமை, ஆபத்தில்லாத பார்வையாளர், பின்வாங்க இயலாத தலைவர் ஆகியவை சேர்ந்து சுழல்வதே இந்த எந்திரம்.

ஹவானாத் துறைமுகம், 1898

எந்திரம் முழுவேகத்தில் ஓடியதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கியூபா அப்போது ஸ்பெயினின் காலனி. அங்கே விடுதலைக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கப் போர்க்கப்பல் ‘மெய்ன்’, ஹவானாத் துறைமுகத்தில் நின்றிருந்தபோது 1898 பிப்ரவரி 15ஆம் தேதி இரவு வெடித்து மூழ்கியது. அதில் இருந்தவர்களில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காரணம் தெரிவதற்கு முன்பே நியூயார்க் நாளிதழ்கள் ஸ்பெயினைக் கைகாட்டின. ஹெர்ஸ்டின் ‘ஜர்னலும்’ புலிட்சரின் ‘வேர்ல்டும்’ விற்பனையில் ஒன்றையொன்று முந்தத் தலைப்புகளைப் பெரிதாக்கின. ‘மெய்னை மறவாதே’ என்பது முழக்கமாயிற்று. மார்ச்சில் கடற்படை விசாரணைக் குழு, கப்பலுக்கு வெளியே ஒரு கண்ணிவெடி வெடித்தது என்று சொன்னது. யார் வைத்தது என்று சொல்லவில்லை. ஏப்ரலில் போர் அறிவிக்கப்பட்டது.

வெகுகாலத்துக்குப் பின், 1976இல், அட்மிரல் ரிக்கோவர் தலைமையில் நடந்த மறு ஆய்வு, வெடிப்பு கப்பலுக்கு உள்ளேயே நிகழ்ந்திருக்க வேண்டும் என்றும், நிலக்கரிக் கிடங்கில் பற்றிய தீ அருகிலிருந்த வெடிமருந்தை எட்டியிருக்கலாம் என்றும் முடிவுக்கு வந்தது. இவ்விவாதம் இன்னும் முற்றாக ஓயவில்லை. நாளிதழ்களே இந்தப் போரை மூட்டின என்று சிலர் எழுதுவது மிகை. கியூபாவில் ஸ்பெயினின் கொடுமைகள் உண்மையானவை, அமெரிக்காவின் வணிக நலன்களும் உண்மையானவை. நாளிதழ்களும் கூட்டமும் செய்தது, விசாரணை முடியும்வரை காத்திருக்கலாம் என்ற பேச்சையே கோழைத்தனமாக்கியது.

இந்நிகழ்வில் இரண்டு மனிதர்களை அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அதிபர் மெக்கின்லி இளமையில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர். பிணங்கள் குவிந்து கிடந்ததைக் கண்டவன் நான், இன்னொரு போரைக் காண விரும்பவில்லை என்று நெருங்கியவர் ஒருவரிடம் சொன்னார். அவரைத்தான் கூட்டம் முதுகெலும்பற்றவர் என்றது. மற்றவர் தியோடர் ரூஸ்வெல்ட். நம் உரிமைகளை அந்நிய நாடுகள் மதிக்க வேண்டும் என்று உறுதியோடு கேட்பதுதான் ஜிங்கோயிசம் என்றால் நாங்கள் ஜிங்கோக்களே என்று 1895இல் அறிவித்து, வசைச்சொல்லைப் பதக்கமாகக் குத்திக்கொண்டவர். நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: போர் மூண்டதும் கடற்படைத் துறையின் துணைச் செயலர் பதவியைத் துறந்து, கியூபாவுக்குச் சென்று சான் ஹுவான் குன்றுகளில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நின்றார். எனவே ஜிங்கோக்கள் அனைவரும் கோழைகள் என்று முடிவுகட்டுவது சரியாகாது. தாமே போகத் துணிந்த ஒருவரும் பாட்டு மண்டபத்தின் மொழியில் பேசலாம்.

‘உடையம் யாம்’

ஜிங்கோப் பாட்டைப் படிக்கும் தமிழருக்குப் புறநானூற்றின் 72ஆம் பாடல் நினைவுக்கு வராமல் போகாது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் பாடியது அது. எதிரி மன்னர்கள் அவனை இளையவன் என்று இகழ்ந்து, யானையும் தேரும் குதிரையும் படைமறவரும் ‘உடையம் யாம்’ என்று செருக்கியதாக அவன் சொல்கிறான். கப்பல் உண்டு, ஆள் உண்டு, பணம் உண்டு என்பதன் சங்ககால வடிவம் இது. அந்தப் பேச்சுக்கு நெடுஞ்செழியன் வைக்கும் பெயர் ‘சிறுசொல்’.

அவன் விடுக்கும் மறுமொழியும் போர்ப்பேச்சுதான், அமைதிப்பேச்சு அன்று. ஆனால் அதன் அமைப்பு வேறு. இவர்களைத் தாக்கி முரசோடு சிறைப்பிடிக்காவிட்டால், என் குடிமக்கள் கண்ணீர் விட்டு ‘கொடியவன் எம் அரசன்’ என்று என்னைப் பழிக்கட்டும். மாங்குடி மருதன் முதலிய புலவர்கள் என் நாட்டைப் பாடாது நீங்கட்டும். இரப்பவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை என்னை வந்தடையட்டும் என்கிறான். இலக்கணிகள் இதனை வஞ்சினம் என்பார்கள்: தவறினால் தனக்கு என்ன நேர வேண்டும் என்று தன்னையே பணயம் வைத்துச் சொல்லும் சூளுரை. ஜிங்கோப் பாட்டும் ஆணையில்தான் தொடங்குகிறது. ஆனால் தவறினால் பாடுபவருக்கு எந்தக் கேடும் இல்லை. போர்க்குணம் வேறு, ஜிங்கோயிசம் வேறு என்பதை இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு காட்டிவிடுகிறது. இரண்டில் எது நல்லது என்பது வேறு கேள்வி. வஞ்சினத்துக்கும் ஆயிரக்கணக்கானோர் உயிர்விலை கொடுத்தார்கள்.

அண்டை வீட்டுச் சொற்கள்

நாட்டுப்பற்று என்பது தன் நாட்டின் மீதுள்ள பிணைப்பு. அது இருப்பதற்கு எதிரி தேவையில்லை. தேசியவாதம் என்பது ஒரு மக்கள்கூட்டம் தன்னைத் தானே ஆள வேண்டும் என்ற அரசியல் கொள்கை. காலனி நாடுகளின் விடுதலைப் போராட்டங்கள் பெரும்பாலும் அதன் வழி வந்தவை. இவ்விரண்டையும் ஜிங்கோயிசத்தோடு குழப்புவதே மிகுதி.

பேரினவாதம் சற்று நெருங்கிய உறவு. நெப்போலியனின் படையில் பதினேழு முறை காயம்பட்டும் அவர்மீது பக்தி குறையாதவன் என்று பிரெஞ்சுக்காரர்கள் கதை கட்டிய நிக்கோலா ஷோவின் என்ற வீரனின் பெயரிலிருந்து அதன் ஐரோப்பியச் சொல் பிறந்தது; அப்படி ஒருவன் வாழ்ந்ததற்கு உறுதியான சான்று கிடையாது. தன் இனமே உயர்ந்தது என்ற எண்ணத்தை அது குறிக்கிறது. தமிழில் அச்சொல்லுக்குக் கூர்மையும் புழக்கமும் தந்தவர்கள் இலங்கைத் தமிழர்கள். அங்கே அது சொந்த நாட்டுக்குள்ளேயே சிறுபான்மையினர் மீது பாயும் ஆதிக்கத்தைச் சுட்டுகிறது. ஜிங்கோயிசமோ எல்லைக்கு வெளியே பார்ப்பது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதுண்டு, ஆயினும் ஒன்றல்ல.

இராணுவவாதம் ஓர் அமைப்பைச் சுட்டும் சொல்: அரசின் பணமும் பள்ளியின் பாடமும் அமைச்சரவையின் முடிவும் படைத்தளபதிகளின் விருப்பப்படி அமையும் நிலை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜப்பான் அதற்குப் பழக்கமான எடுத்துக்காட்டு. அதற்குப் பாட்டு மண்டபம் தேவையில்லை.

‘பருந்துகள்’ என்ற சொல், கடும்போக்கைக் கொள்கையாகப் பரிந்துரைப்பவர்களைக் குறிக்கும். அமைதி வழியை நாடுவோர் புறாக்கள். 1812இல் பிரிட்டனோடு போர் வேண்டும் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் ‘போர்ப் பருந்துகள்’ என்று பெயர். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடிக்குப் பின் பருந்தும் புறாவும் இணையாக நிலைத்தன. பருந்து மூடிய அறையில் வரைபடத்தைப் பார்த்துப் பேசுவார்; தவறாகவும் பேசலாம், சரியாகவும் பேசலாம். ஜிங்கோவுக்கு மண்டபம் வேண்டும்.

தமிழில் எப்படிச் சொல்வது

‘போர்வெறி’ என்பதே இன்று அதிகம் வழங்கும் மொழிபெயர்ப்பு. அது பொருந்தாது என்பது என் கருத்து. போர்வெறியன் போரை வெளிப்படையாகவே வேண்டுகிறவன், ஜிங்கோவோ போர் வேண்டாம் என்றுதான் தொடங்குகிறார். ‘தேசியவெறி’, ‘வெறித்தேசியம்’ என்பவை அடுத்த நாட்டை மிரட்டும் கூறினை விட்டுவிடுகின்றன. மேலும், ‘வெறி’ என்று முடித்துவிட்டால் அது ஏதோ மனநோய் என்ற எண்ணம் வருகிறது; மாலையில் குடும்பத்தோடு செய்தி பார்க்கும் நிதானமான மனிதர்களிடமும் இது இருக்க முடியும் என்பது மறைந்துபோகிறது.

இந்தச் சொல்லின் உயிர் வெறியில் இல்லை, சவடாலில் இருக்கிறது. ஆகவே ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்றால் ‘போர்ச்சவடால்’ என்று சொல்லிப் பார்க்கலாம். அது வேண்டாம் என்றால் ஜிங்கோயிசம் என்றே எழுதிவிட்டு, முதல் முறை வரும்போது ஒரு வரியில் விளக்கிவிடுவது நல்லது.

பயன்படுத்தும்போது

ஒரு நாடு தாக்கப்பட்டு, தன்னைக் காத்துக்கொள்ளப் படை நகர்த்தினால், அதனை ஜிங்கோயிசம் என்பது தவறு. பாதுகாப்புக்கு அதிக நிதி ஒதுக்க வேண்டும் என்று கணக்கோடு வாதிடும் ஒருவரை அச்சொல்லால் அடிப்பதும் தவறு. அவர் வாதத்துக்கு விடை சொல்ல முடியாதபோது எடுக்கும் குறுக்குவழி அது. வீழ்ந்த படைவீரரின் வீட்டுக்குச் சென்று கண்ணீர் விடுவது, விளையாட்டுப் போட்டியில் கொடியசைப்பது ஆகியவையும் இதில் சேரா. போட்டி முடிந்த பின், தோற்ற நாட்டின் மீது குண்டு போட வேண்டும் என்று ஒருவர் பதிவிட்டால், அங்கே இச்சொல்லுக்கு வேலை வந்துவிடுகிறது.

இச்சொல் பிறப்பிலேயே ஏளனச்சொல் என்பதையும் மறக்கலாகாது. இந்த அரசு ஜிங்கோயிசத்தில் இறங்கியுள்ளது என்று எழுதுகிறவர் ஒரு தீர்ப்பை எழுதுகிறார். செய்தியாளர் நடுநிலை அறிக்கையில் அதைச் செய்யக் கூடாது, தலையங்க எழுத்தாளர் சான்று காட்டிச் செய்யலாம். சான்று என்று நான் சொல்வது, மிரட்டும் வாக்கியத்தை அப்படியே எடுத்துக் காட்டி, அதைச் சொன்னவர் யார், அதற்கு விலை கொடுக்கப்போகிறவர் யார் என்று பெயர் சொல்வதை. 1878இல் அந்தக் கேள்விக்கு விடை, இலண்டனில் ஒரு பாடகர். மால்டாவில் 7,000 சிப்பாய்கள்.